பளபளக்கும் அக்ரிலிக் ஓவியத்தைப் படமெடுக்கையில் விழும் ஒளிக்கறை: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

பல நாள் உட்கார்ந்து வரைந்த ஓவியம். பளபளப்பு வார்னிஷ் பூசிக் காயவிட்டு, சுவரில் சாய்த்துப் படமெடுக்கிறோம். கண்ணுக்கு ஆழமான கருநீலமாகத் தெரிந்த இரவு வானம் படத்தில் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. அதன் நடுவே ஜன்னல் வடிவில் ஒரு வெள்ளைக் கட்டம். எக்ஸ்போஷரைக் குறைத்துப் பார்த்தால் கறை கொஞ்சம் மங்குகிறது, ஓவியமும் சேர்ந்து இருண்டுபோகிறது.

அப்படித்தான் ஆகும். காய்ந்த அக்ரிலிக் பரப்பு ஒரு மங்கலான கண்ணாடி. அதன் ஒளிவிலகல் எண் 1.49-ஐ ஒட்டியது. நேராக வந்து விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தை வண்ணத்துக்குள் போகவிடாமல் மேற்பரப்பே திருப்பி அனுப்பிவிடும். நான்கு சதவீதம் என்பது கேட்பதற்குச் சிறியதுதான். ஆனால் விளக்கின் முகப்பு, அது ஒளியூட்டும் ஓவியத்தைவிடப் பல மடங்கு பிரகாசமானது. அதில் நான்கு சதவீதம் லென்ஸுக்குள் நேராக வந்தாலே அந்த இடத்து வண்ணம் மூழ்கிவிடும். ஆகவே வெளிச்சம் கூடிவிட்டதா குறைந்துவிட்டதா என்ற கணக்கை ஒதுக்கிவைத்துவிட்டு, ஒவ்வொரு கறையையும் பார்த்து ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இது எதன் பிம்பம்?

எதையும் நகர்த்துவதற்கு முன் ஒரு சோதனை

கேமராவை முக்காலியில் நிறுத்திவிட்டு அதைத் தொடாதீர்கள். திரையைப் பார்த்தபடியே விளக்குகளை ஒவ்வொன்றாக அணையுங்கள், ஜன்னல் திரையை இழுத்து மூடுங்கள், ஒரு கறுப்பு அட்டையை ஒவ்வொரு ஒளி மூலத்துக்கு முன்னும் பிடியுங்கள். எதை மறைத்தபோது கறை போனதோ, அதுதான் அங்கே பிம்பமாகத் தெரிந்திருக்கிறது. இதற்கு இரண்டு நிமிடம் கூட ஆகாது. ஆனாலும் இதைச் செய்யாமல் விளக்கை மேலும் கீழும் இழுத்து ஒரு மாலைப்பொழுதையே வீணாக்குபவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். லென்ஸின் பக்கவாட்டில் உள்ளங்கையைக் குடைபோலப் பிடித்து, விளக்கின் ஒளி லென்ஸ் முகத்தில் நேரடியாக விழாதபடி தடுங்கள். படம் சட்டென்று தெளிந்தால் ஓவியத்தின் மேல் பழி இல்லை. விளக்கொளி லென்ஸுக்குள் புகுந்து புகைமூட்டம் போடுகிறது. லென்ஸ் ஹூட் மாட்டுங்கள், அல்லது விளக்கின் ஓரத்தில் ஓர் அட்டையைத் தடுப்பாக வையுங்கள், லென்ஸின் முகத்தையும் துடையுங்கள். கீழே உள்ள எதுவும் உங்களுக்குத் தேவைப்படாமலே போகலாம்.

அறிகுறி: ஓரம் தெளிவாகத் தெரியும் வெள்ளை வடிவம்

கட்டமாக இருந்தால் ஜன்னல், வட்டமாக இருந்தால் விளக்கு, நீளக் கோடாக இருந்தால் கூரையில் உள்ள டியூப் லைட். ஓவியத்தின் பரப்பு வழவழப்பாக இருந்தால்தான் பிம்பம் இவ்வளவு தெளிவாக விழும். எபாக்ஸி ரெசின் ஊற்றிய ஓவியங்களில் ஜன்னல் கம்பியைக் கூட எண்ணிவிடலாம்.

இதுதான் எல்லாவற்றிலும் எளிதானது. ஒளி எந்தக் கோணத்தில் விழுகிறதோ அதே கோணத்தில்தான் மறுபக்கம் திரும்பும். விளக்குகளை ஓவியத்தின் இரு பக்கமும், நடுக்கோட்டிலிருந்து (கேமராவிலிருந்து ஓவியத்தின் நடுவுக்குப் போகும் கோடு) 45 பாகை அளவில் வையுங்கள். அப்போது தட்டையான பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி கேமராவைத் தாண்டி மறுபக்கம் போய்விடும். கேமராவில் உள்ள ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். அது லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அதன் பிம்பம் நேராக லென்ஸுக்குத்தான் திரும்பும். அறையின் மற்ற விளக்குகளையும் அணைத்துவிட வேண்டும். ஓவியத்தைத் தரையில் கிடத்தி மேலிருந்து எடுப்பவர்களுக்குக் கூரை முழுவதும் பிம்பமாக விழும். நிறுத்திவைத்து எடுப்பதே நல்லது.

அறிகுறி: வடிவம் எதுவும் இல்லை, ஆனால் கறுப்பு சாம்பலாகத் தெரிகிறது

பெரும்பாலானோர் இதை ஒளிக்கறை என்று அடையாளம் காண்பதே இல்லை. கேமரா சரியில்லை, லென்ஸ் சரியில்லை என்று நினைத்து, பிறகு கணினியில் கான்ட்ராஸ்ட்டை ஏற்றி ஏற்றி ஓவியத்தைக் கெடுக்கிறார்கள். உண்மையில் ஓவியம் தனக்கு எதிரே உள்ள வெள்ளைச் சுவரைக் காட்டிக்கொண்டிருக்கிறது. சுவர் பெரிது, ஓரமே இல்லாதது. அதனால் அதன் பிம்பம் கறையாகத் தெரியாமல் ஓவியம் முழுவதும் மெல்லிய பால் படலமாகப் படர்கிறது. கறுப்பு வண்ணம் தன்மேல் விழும் ஒளியில் சில சதவீதத்தைத்தான் திருப்பித் தருகிறது. அதன்மேல் சுவரின் பிம்பமும் வந்து சேர்ந்தால் கறுப்பு எப்படிக் கறுப்பாக இருக்கும்?

ஒருமுறை கறுப்பும் அடர்பச்சையுமாக இருந்த ஒரு காட்டு ஓவியத்தை எடுத்துக்கொண்டிருந்தேன். படத்தின் கீழ்ப்பாதியில், மரத்தடி இருட்டில், வெளிறிய ஒரு திட்டு. விளக்கை மாற்றினேன், திரையை மூடினேன், போகவில்லை. டைமரை வைத்துவிட்டு நான் ஓரமாக நகர்ந்து நின்ற படத்தில் மட்டும் அது இல்லை. வேறொன்றும் இல்லை, என் வெள்ளைச் சட்டைதான். அன்று முதல் ஓவியம் எடுக்கும்போது கறுப்பு முழுக்கைச் சட்டைதான் அணிகிறேன். வெள்ளி நிற முக்காலிக்கும் கறுப்புத் துணி சுற்றுகிறேன்.

இதற்கு மருந்து, கேமராவுக்குப் பின்னால் ஒரு பெரிய கறுப்புத் துணியைத் தொங்கவிடுவது. வெல்வெட் மிக நன்று, மினுமினுக்கும் சாட்டின் வேண்டாம். துணியின் நடுவே லென்ஸ் அளவுக்கு ஓர் ஓட்டை வெட்டி, அதன் வழியே லென்ஸை மட்டும் நீட்டுங்கள். ஓவியத்துக்கு எதிரே இருப்பதெல்லாம் கறுப்பாகிவிட்டால், அந்தக் கண்ணாடி கறுப்பைத்தான் காட்டும். துணியை ஏற்றுவதற்கு முன் ஒரு படம், ஏற்றிய பின் ஒரு படம் எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கறுப்பு ஆழமாவது மட்டுமல்ல, அடர் சிவப்பும் கருநீலமும் உயிர்பெறும்.

மேகமூட்டமான நாளில் வெளியே வைத்து எடுத்தால் கறையே வராது என்று ஓர் எண்ணம் உண்டு. கட்டம் கட்டமான கறை வராது, உண்மை. ஆனால் வானம் முழுவதும் ஒரே பெரிய வெள்ளைச் சுவர்தான். ஓவியத்தைச் சற்றே மேல்நோக்கிச் சாய்த்தாலும் அது வானத்தை முகத்தில் வாங்கிக்கொள்ளும். வெளியே எடுப்பதானால் நட்டுவைத்ததுபோல் செங்குத்தாக நிறுத்துங்கள். கேமராவின் பின்னால் நிழலான, இருண்ட ஓரிடம் இருக்கட்டும். நிழலில் எடுக்கும் படங்கள் நீலம் பாய்ந்து வரும். அதற்கு ஒரு சாம்பல் அட்டையை ஓரத்தில் வைத்து வெண்சமநிலையைத் திருத்திக்கொண்டால் போதும்.

அறிகுறி: தூரிகைத் தடங்களின் முகட்டில் உப்புத் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள்

அக்ரிலிக் ஓவியம் எடுப்பவர்களை அதிகம் வாட்டுவது இதுதான். இங்கே 45 பாகை விதி கைவிட்டுவிடும். காரணத்தை அருகே போய்ப் பார்த்தால் புரியும்.

கத்தியால் தடித்துப் பூசிய வண்ணத்தின் ஒரு வரம்பை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். அது ஒரு சின்ன மலைத்தொடர். ஒரு சரிவு இடப்பக்கம் பார்க்கிறது, இன்னொன்று வலப்பக்கம், உச்சி நேரே பார்க்கிறது. ஒவ்வொரு சரிவும் தனித்தனிக் கண்ணாடி. விளக்கு 45 பாகையில் இருந்தால், அந்தப் பக்கமாக 22.5 பாகை சாய்ந்திருக்கும் எல்லாச் சரிவுகளும் ஒளியை நேராக லென்ஸுக்கு அனுப்பும். உருண்டையான வரம்பில் அப்படி ஒரு சரிவு எங்காவது இருந்தே தீரும். அதனால்தான் விளக்கை எங்கே நகர்த்தினாலும் புள்ளிகள் இடம் மாறுகின்றனவே தவிர மறைவதில்லை.

பலர் உடனே விளக்கொளியை மென்மையாக்கும் துணிப்பெட்டியான பெரிய சாஃப்ட்பாக்ஸ் ஒன்றை மாட்டுகிறார்கள். புள்ளியின் கூர்மை குறையும், சரிதான். ஆனால் விளக்கு பெரிதாகப் பெரிதாக அதைக் காட்டும் சரிவுகளும் கூடுகின்றன. கூரிய புள்ளிகள் கலைந்து முன்பு சொன்ன பால் படலமாக மாறும். தடித்த பூச்சுள்ள ஓவியத்துக்கு நான் பெரிய மென்விளக்கைப் பரிந்துரைக்க மாட்டேன். சிறிய விளக்கைத் தள்ளி வையுங்கள். புள்ளிகள் மிகச் சிறியதாகும், அவற்றைப் பிறகு நீக்கவும் முடியும். தள்ளி வைப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. விளக்குக்கு ஓவியத்தின் அருகு ஓரம் 1 மீட்டரிலும் தொலை ஓரம் 2 மீட்டரிலும் இருந்தால், இரண்டுக்கும் நடுவே ஒளி அளவில் 4 மடங்கு வித்தியாசம் வரும். தள்ளி வைக்க வைக்க அந்த ஏற்றத்தாழ்வு குறையும்.

விளக்குகளை இன்னும் பக்கவாட்டுக்குக் கொண்டுபோய், நடுக்கோட்டிலிருந்து 60 பாகையில் வைத்தால், 30 பாகை சாய்ந்த செங்குத்தான சரிவுகள் மட்டுமே மின்னும். மென்மையான தடங்கள் தப்பித்துக்கொள்ளும். மிகவும் பக்கவாட்டில் போய்விட்டால் ஒவ்வொரு வரம்பும் நீள நிழல் போடும் என்பதால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

இனிச் சொல்லப்போவதற்குச் செலவே இல்லை, ஆனால் இதைச் செய்பவர்கள் குறைவு. உங்கள் தூரிகைத் தடங்கள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று பாருங்கள். தடங்கள் மேலிருந்து கீழாக ஓடினால் அவற்றின் சரிவுகள் இடமும் வலமும் பார்க்கும், அங்கேதான் உங்கள் விளக்குகளும் நிற்கின்றன. ஓவியத்தை 90 பாகை திருப்பிப் படுக்கவாட்டில் நிறுத்துங்கள். இப்போது சரிவுகள் மேலும் கீழும் பார்க்கின்றன, பக்க விளக்குகளைச் சந்திப்பதே இல்லை. மழையை வரைந்த ஓர் ஓவியத்தை இப்படித் திருப்பி வைத்தபோது, அதுவரை நூற்றுக்கணக்கில் இருந்த புள்ளிகளில் பெரும்பகுதி ஒரே நொடியில் காணாமல் போனது. படத்தைக் கணினியில் நிமிர்த்திக்கொள்ளலாம்.

அப்படியும் எஞ்சும் புள்ளிகளுக்குப் பல படங்களை ஒன்றுசேர்க்கும் வழி இருக்கிறது. கேமராவையும் ஓவியத்தையும் அசைக்காமல், விளக்கை மட்டும் நாலைந்து இடங்களுக்கு மாற்றி, ஒரே எக்ஸ்போஷரில் படங்கள் எடுங்கள். படத்தொகுப்பு மென்பொருளில் அவற்றை அடுக்குகளாக வைத்து, ஒவ்வொரு பிக்சலுக்கும் நடு மதிப்பை (மீடியன்) எடுக்கச் சொல்லுங்கள். ஒரு படத்தில் மட்டும் மின்னும் இடம் மற்ற படங்களில் மின்னாது என்பதால் நடு மதிப்பு அதைத் தள்ளிவிடும். ஒவ்வோர் இடத்திலும் மிக இருண்டதை மட்டும் வைத்துக்கொள்ளும் ‘டார்க்கன்’ முறையிலும் செய்யலாம். ஆனால் அது ஒவ்வொரு படத்திலும் உள்ள நிழலையும் தேடிப்பிடித்துச் சேர்த்துவிடும், தடித்த பூச்சில் அழுக்குப் படிந்ததுபோல் ஆகிவிடும்.

அறிகுறி: ஒரு பக்கத்து விளிம்பில் மட்டும் வெளிறிய பட்டை

லென்ஸ் அகலமானது, நீங்கள் ஓவியத்துக்கு மிக அருகில் நிற்கிறீர்கள். முழுச்சட்ட (ஃபுல் ஃபிரேம்) கேமராவில் 24 மில்லிமீட்டர் லென்ஸால் ஓவியம் படத்தை நிரப்பும்படி எடுத்தால், அதன் ஓரங்களை லென்ஸ் இருபுறமும் சுமார் 37 பாகையில் பார்க்கிறது. அங்கே பட்டுத் திரும்பும் பார்வை 45 பாகை விளக்கைக் கிட்டத்தட்ட உரசிவிடும். 100 மில்லிமீட்டர் லென்ஸோடு பின்னால் போய் நின்றால் அதே ஓரம் 10 பாகைதான். கறை வரக்கூடிய பகுதியே சுருங்கிவிடுகிறது.

கைபேசியின் முதன்மை லென்ஸ் இந்த அகல வகையைச் சேர்ந்தது. இரண்டு அல்லது மூன்று மடங்கு டெலி லென்ஸ் இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்துப் பின்னால் நகருங்கள். எச்டிஆர் தானியங்கியையும் அணைத்துவிடுங்கள், இருண்ட இடங்களை அது தானாகவே வெளுக்க வைக்கிறது.

கேமரா நேராக இல்லாவிட்டாலும் இப்படி ஒரு பக்கம் மட்டும் வெளிறும். ஓவியத்தின் நடுவில், பரப்போடு ஒட்டினாற்போல் ஒரு சிறிய முகக்கண்ணாடியைப் பிடித்துப் பாருங்கள். திரையில் தெரியும் அந்தக் கண்ணாடிக்குள் உங்கள் லென்ஸே உங்களை நேராகப் பார்க்க வேண்டும். அப்படி இல்லையென்றால் கேமரா சாய்ந்திருக்கிறது. அதே கண்ணாடியை மெல்ல நாலு மூலைக்கும் கொண்டுபோங்கள். எந்த மூலையில் அதற்குள் விளக்கு தெரிகிறதோ, அங்கேதான் கறை.

அறிகுறி: போலரைசர் மாட்டியும் ஒன்றும் மாறவில்லை

ஒரு தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடும் லென்ஸ் வடிகட்டிதான் போலரைசர். தண்ணீரிலும் கடைக் கண்ணாடியிலும் மந்திரம் போட்டதுபோல் வேலை செய்யும் போலரைசர் ஓவியத்தில் ஏன் தோற்கிறது? மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி, அக்ரிலிக்கில் சுமார் 56 பாகையில் விழுந்தால்தான் முழுமையாகத் தளவிளைவு அடையும், அதாவது ஒரே தளத்தில் மட்டும் அதிரும். நேரெதிரே நின்று படமெடுக்கும்போது மின்னும் சரிவுகளில் ஒளி விழும் கோணமோ 22 பாகை அளவில்தான். அந்த ஒளியில் போலரைசர் பிடித்து நிறுத்துவதற்கு அதிகம் எதுவும் இல்லை.

அப்படியானால் விளக்கின் ஒளியையே முதலில் ஒரே தளத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். ஒவ்வொரு விளக்கின் முன்னும் நேர்கோட்டுப் போலரைசிங் தாள், லென்ஸில் ஒரு வட்டப் போலரைசர். மேற்பரப்பில் மின்னித் திரும்பும் ஒளி தன் தளத்தை மாற்றிக்கொள்வதில்லை. வண்ணத்துக்குள் போய்ச் சிதறி வரும் ஒளி தன் தளத்தை இழந்துவிடுகிறது. லென்ஸில் உள்ள வடிகட்டியைக் குறுக்கே திருப்பினால் முதலாவது அடைபடும், இரண்டாவது உள்ளே வரும். வார்னிஷ் பூசாததுபோல், வண்ணம் மட்டும் தெரியும் படம் கிடைக்கும். இதுதான் குறுக்குப் போலரைசேஷன்.

சரியாகப் பொருத்துவதற்கு ஓர் எவர்சில்வர் கரண்டி போதும். அதன் குழிந்த பக்கமோ புடைத்த பக்கமோ, இரண்டு விளக்குகளும் இரண்டு புள்ளிகளாகத் தெரியும்படி ஓவியத்தின் முன்னே வையுங்கள். ஒரு விளக்கை மட்டும் எரியவிட்டு, லென்ஸ் வடிகட்டியை மெல்லத் திருப்புங்கள். கண்ணைக் கூசிய புள்ளி மங்கி மங்கி, ஒரு கட்டத்தில் இருண்ட ஊதாப் பொட்டாகச் சுருங்கும். அதுதான் இடம். இனி வடிகட்டியைத் தொடாதீர்கள். அடுத்த விளக்கை ஏற்றி, இம்முறை அதன் தாளைத் திருப்பி அதே நிலைக்குக் கொண்டுவாருங்கள். தாள்களின் அச்சு சரியாக நெடுக்காகவோ கிடையாகவோ இருக்கட்டும்.

இதற்குப் பிறகும் மின்னினால் மூன்று இடங்களைச் சோதியுங்கள். தாளின் ஓரத்தில் இடுக்கு வழியே வெறும் ஒளி கசிகிறதா? அறையில் தாள் இல்லாத வேறு விளக்கு எரிகிறதா? லென்ஸ் வடிகட்டியைக் கையால் பிடிப்பவராக இருந்தால், அதைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்களா? வட்டப் போலரைசருக்கு முன்பக்கம், பின்பக்கம் உண்டு. எல்சிடி கணினித் திரையை அதன் வழியே பார்த்தபடி திருப்புங்கள். திரை இருண்டுபோனால் திரையை நோக்கியிருப்பது முன்பக்கம். நிறம் மட்டும் லேசாக மாறினால் பின்பக்கம்.

இந்த முறையில் ஒளி 8 மடங்கு வரை குறையும். 1/15 நொடியில் எடுத்த படத்துக்கு அரை நொடி வேண்டியிருக்கும். ஓவியம் அசையப்போவதில்லை. ஐஎஸ்ஓவை 100-லேயே வைத்து, முக்காலியிலும் டைமரிலும் எடுங்கள். ஹாலஜன் போன்ற சூடான விளக்கில் தாளை ஒட்டிவைக்காதீர்கள், சுருண்டு கருகிவிடும்.

அறிகுறி: கறை போய்விட்டது, ஓவியமும் செத்துவிட்டது

குறுக்குப் போலரைசேஷன் கற்றுக்கொண்ட புதிதில் எல்லாவற்றுக்கும் இதையே போடத் தோன்றும். தங்க நிற வண்ணம் பூசிய ஓர் ஓவியத்தை அப்படி எடுத்தபோது, தங்கம் இருந்த இடமெல்லாம் சேற்றுப் பழுப்பாக, சில இடங்களில் கரியாக வந்தது. உலோக வண்ணங்கள் ஒளிர்வதே மேற்பரப்பு எதிரொளிப்பால்தான். அதை அடைத்துவிட்டால் மிச்சம் ஒன்றும் இல்லை. முத்துப்போல் நிறம் மாறும் அப்ரக வண்ணங்களுக்கும் இதே கதிதான். தூரிகைத் தடங்களின் மேடுபள்ளம் மறைந்து அச்சடித்த தாள்போல் ஆவதும், நிறங்கள் நேரில் இருப்பதைவிட அடர்த்தியாக வருவதும் இதனால்தான்.

வடிகட்டியை முழுக் குறுக்கிலிருந்து 15 பாகை பின்வாங்குங்கள். அடைபட்ட மினுக்கத்தில் ஏறத்தாழ 7 சதவீதம் திரும்பி வரும். 20 பாகையில் சுமார் 12 சதவீதம். பெரும்பாலான ஓவியங்களுக்கு இந்த இரண்டுக்கும் நடுவிலேயே முகடுகள் மெல்ல உயிர்த்தெழும், கறை வராது. தங்கம் அதிகமாக உள்ள ஓவியமானால் குறுக்காக ஒன்றும் சாதாரணமாக ஒன்றும் எடுத்து, தங்கம் உள்ள பகுதியை மட்டும் இரண்டாவதிலிருந்து கொண்டுவந்து சேர்த்துவிடுங்கள். ஓவியர் மினுக்கத்தை வேண்டுமென்றே வைத்திருந்தால், அதை முழுவதும் துடைத்தெடுக்கும் படம் அந்த ஓவியத்தின் படமே அல்ல என்பது என் கருத்து.

அறிகுறி: சில வண்ணங்கள் மட்டும் மினுங்குகின்றன, சில இல்லை

வார்னிஷ் பூசாத அக்ரிலிக்கில் இது இயல்பு. ஒவ்வொரு வண்ணமும் ஒவ்வோர் அளவு பளபளப்போடு காயும். வழி மேலே சொன்னதுதான், குறுக்குப் போலரைசேஷன். வார்னிஷ் இன்னும் பூசவில்லை என்றால் பூசுவதற்கு முன்பே ஒரு செட் படம் எடுத்துவையுங்கள். பளபளப்பு வார்னிஷ் ஏறிய பின் படும் பாட்டில் பாதி அப்போது இருக்காது. சட்டத்தில் கண்ணாடி போட்டிருந்தால் கழற்றிவிட்டு எடுங்கள்.

அறிகுறி: எல்லாம் செய்தும் ஒரே இடத்தில் நீண்ட, வளைந்த ஒரு மினுக்கம்

கேன்வாஸைப் பக்கவாட்டிலிருந்து, கண்ணை அதன் விளிம்புக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். அந்த இடத்தில் துணி தொய்ந்திருக்கும், அல்லது பின்னால் உள்ள மரச்சட்டத்தின் விளிம்பு முன்பக்கம் வரம்பாகப் பதிந்திருக்கும். பரப்பு வளைந்திருப்பதால் மற்ற இடத்தில் நடக்காத எதிரொளிப்பு அங்கே மட்டும் நடக்கிறது. சட்டத்தின் மூலைகளில் ஆப்பு இருந்தால் அவற்றை மெல்லத் தட்டி, துணி இறுகுகிறதா என்று பாருங்கள். ஆப்பு இல்லாத சட்டமானால், எந்த விளக்கு அங்கே மின்னுகிறது என்று முதலில் செய்த அட்டைச் சோதனையால் கண்டுபிடியுங்கள். அதை ஒரு கையகலம் மேலோ கீழோ நகர்த்தி இன்னொரு படம் எடுத்து, அந்த ஒரு திட்டை மட்டும் அதிலிருந்து வெட்டி ஒட்டிவிடுங்கள்.